கணக்கில் இடித்த 75 சென்ட்!

மாதக் கடைசியில் கணக்கு நோட்டை விரித்துவைத்து உட்காரும்போது 500 ரூபாய் இடித்தால், பெரும்பாலும் சீக்கிரமே பிடிபட்டுவிடும். சிலிண்டருக்குக் கொடுத்ததையோ, ஸ்கூல் வேனுக்குக் கட்டியதையோ எழுத மறந்திருப்பார்கள். ஆனால், ஏழு ரூபாய் இடித்தால்? 'போகட்டும் விடு' என்று நோட்டை மூடிவிடுவதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம்.

1986-ம் ஆண்டு ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒருவர் அப்படி மூடாமல் விட்டார். அவர் முன்னால் இருந்த கணக்கில் இடித்தது வெறும் 75 சென்ட். அதைத் தேடிப் போனவர், ஏறத்தாழ 10 மாதம் கழித்து, கடல் தாண்டி ஓர் உளவாளிக் கும்பலின் வாசலில் போய் நின்றார்.

அவர் பெயர் கிளிஃபோர்டு ஸ்டோல்.

வானத்திலிருந்து கீழ்த்தளத்துக்கு

ஸ்டோல் கம்ப்யூட்டர்காரர் அல்ல. வானியல் படித்தவர். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், ஹவாயில் அமையவிருந்த கெக் தொலைநோக்கியின் வடிவமைப்புப் பணியில் இருந்தார். ஆராய்ச்சிக்கான நிதி தீர்ந்துபோனது. வீட்டுக்கு அனுப்பாமல், அதே ஆய்வகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். வேலை போகவில்லை என்ற நிம்மதி ஒருபக்கம். தெரியாத இடத்தில் தெரிந்தவர்போல உட்கார வேண்டிய கூச்சம் மறுபக்கம். வேலை மாறியவர்கள் எல்லோருக்கும் அந்த முதல் வாரம் நினைவிருக்கும்.

சேர்ந்த இரண்டாவது நாளே ஒரு சில்லறை வேலை வந்தது. கம்ப்யூட்டர் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் இடிக்கிறது, ஏன் என்று பார்க்க வேண்டும். புதிதாக வந்தவருக்குக் கொடுப்பதற்கு ஏற்ற வேலைதான். கண்டுபிடித்தால் நல்லது. கண்டுபிடிக்காவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

கம்ப்யூட்டருக்கு எதற்கு மீட்டர்?

இன்று ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் பாக்கெட்டிலேயே இருக்கிறது. அப்போது அப்படி இல்லை. ஒரு பெரிய கம்ப்யூட்டர், அதில் நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள். ஒருவர் அணுவைப் பற்றிக் கணக்குப் போடுவார், இன்னொருவர் கட்டுரை தட்டுவார். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இயந்திரத்தைப் பயன்படுத்துவார்கள். ஒரே மோட்டாரில் பல வீட்டுக்குத் தண்ணீர் போவதைப்போல.

அப்படியானால் யார் எவ்வளவு இழுத்தார்கள் என்று அளந்தாக வேண்டும். பெர்க்லியில் கம்ப்யூட்டர் நேரத்துக்குக் கட்டணம் மணிக்கு 300 டாலர். யுனிக்ஸ் என்ற இயங்குதளமே ஒரு குறிப்பை எழுதிவைக்கும். ஒரு புரோகிராம் ஓடி முடிந்ததும், யாருடைய கணக்கில் ஓடியது, எப்போது தொடங்கியது, எத்தனை விநாடி ஓடியது, அதில் செயலி உண்மையாக உழைத்த நேரம் எவ்வளவு என்று ஒரு வரி விழும். மின்வாரிய மீட்டர்போலத்தான். ஆனால், இங்கே ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் தனி மீட்டர்.

இது போதாதென்று, ஆய்வகத்துக்காரர்களே எழுதிக்கொண்ட இன்னொரு கணக்குப் புரோகிராமும் இருந்தது. பல வருடங்களாகப் பலர் கைபட்ட பழைய புரோகிராம். ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்ததைச் சேர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். துறைவாரியாக பில் போடுவது அதன் வேலை.

இரண்டு கணக்கும் மாதக் கடைசியில் ஒத்துப்போக வேண்டும். இந்த முறை 75 சென்ட் ஒத்துப்போகவில்லை.

ஸ்டோல் முதலில் நினைத்தது, தசமப் புள்ளிகளைக் கழித்துப் போடும்போது வந்த பிழை என்று. ஆனால், அப்படி வரும் பிழை ஒன்றிரண்டு சென்ட்தான் இருக்கும். 75 வராது. எனவே பழைய புரோகிராமை வரிவரியாகப் படித்தார். அதில் தப்பு இல்லை.

பிறகு கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் விஷயம் எளிது. ஒரு மணிக்கு 300 டாலர் என்றால் 75 சென்ட்டுக்கு எவ்வளவு நேரம்? ஒன்பது விநாடி. யாரோ ஒருவர் ஒன்பது விநாடி கம்ப்யூட்டரைப் பயன்படுத்தியிருக்கிறார். பில் அனுப்ப அவருக்கு முகவரி இல்லை.

பட்டியலில் 'ஹன்டர்' என்றொரு புதுக் கணக்கு இருந்தது. அதை உருவாக்கியது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. முறையாகச் சேர்த்திருந்தால் பில் முகவரியும் சேர்ந்திருக்கும். யாரோ தவறாகச் சேர்த்துவிட்டார்கள் என்று அந்தக் கணக்கை நீக்கினார்கள். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

ஊரில் இல்லாதவர் பெயரில்

சில நாளில் வெளியிலிருந்து ஒரு புகார் வந்தது. 'உங்கள் ஆய்வகத்திலிருந்து யாரோ எங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்த்தார்கள்' என்றது, அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு மையம். அந்த நேரத்துப் பதிவுகளைப் புரட்டினால், ஒரு பழைய ஊழியரின் பெயர் வந்தது. அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த, மதிக்கப்பட்ட மனிதர். பல மாதங்களாகத் தொடப்படாமல் கிடந்த அவருடைய கணக்கு, திடீரென விழித்துக்கொண்டு வேலை செய்திருந்தது.

அவரோ அப்போது இங்கிலாந்தில் இருந்தார்.

இந்த இடத்தில் நின்று யோசிக்கலாம். பதிவேட்டில் அவர் பெயர் தெளிவாக இருக்கிறது. நேரம் இருக்கிறது. என்ன செய்தார் என்பதுகூட இருக்கிறது. ஆத்திரக்காரர் ஒருவர் கையில் அந்தக் காகிதம் கிடைத்திருந்தால், ஒரு நல்ல மனிதரின் பெயர் கெட்டிருக்கும். ஸ்டோல் செய்தது, அவரைத் தெரிந்தவர்களிடம் விசாரித்தது. அவர் இந்த ஊரிலேயே இல்லை, இருந்தாலும் இப்படிச் செய்கிறவர் இல்லை என்று தெரிந்ததும், அவரைவிட்டு விலகி, அவர் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருப்பவரைத் தேட ஆரம்பித்தார்.

மீட்டர் ஓடிய கதையை மீட்டர் சொல்லும். ஸ்விட்சைப் போட்டது யார் கை என்று அதற்குத் தெரியாது. பயன்பாட்டுக் கணக்கு பார்க்கிறவர்கள் முதலில் கற்க வேண்டியது இதைத்தான்.

அடுத்து நடந்ததுதான் சந்தேகத்தை உறுதி செய்தது. கம்ப்யூட்டரின் மேலாளர் அதிகாரத்தோடு யாரோ உள்ளே இருந்தார்கள். அந்த ஆசாமி கைவைக்கப் பார்த்த இடங்களில் ஒன்று, கணக்குப் பதிவேடு. திருடன் வீட்டுக்குள் வந்ததும் சி.சி.டி.வி-யைத் தேடுவதுபோல.

குயில் முட்டை

ஆசாமி உள்ளே நுழைந்த வழி சுவாரஸ்யமானது. கம்ப்யூட்டர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே ஓட்டும் ஒரு சிறிய புரோகிராம் உண்டு. ஒரு மென்பொருளில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, அந்தப் புரோகிராம் இருந்த இடத்தில் தன்னுடையதை வைத்துவிட்டார். கம்ப்யூட்டர் தன் பிள்ளை என்று நம்பி அதை முழு அதிகாரத்தோடு ஓட்டியது. வேலை முடிந்ததும் பழையபடி மாற்றி வைத்துவிட்டார்.

காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடும் கதை நம் ஊர்க் குழந்தைகளுக்கும் தெரியும். ஸ்டோல் 1989-ல் இந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதியபோது வைத்த பெயரும் அதுதான். 'குக்கூஸ் எக்', குயில் வகைப் பறவையின் முட்டை.

ஆசாமியைத் துரத்திவிடுவது எளிது. பாஸ்வேர்டுகளை மாற்றி, ஓட்டையை அடைத்தால் போதும். ஆனால், யார் என்று தெரியாமலே போய்விடும். ஸ்டோல் கதவைத் திறந்தே வைக்க முடிவு செய்தார். ஒரு வார இறுதியில், ஆளில்லாத மேஜைகளிலிருந்து ப்ரிண்டர்களையும் டெர்மினல்களையும் 'கடன்' வாங்கினார். சுமார் 50 இணைப்புகளிலும் ஒவ்வொன்றாக மாட்டினார். ராத்திரி அங்கேயே தரையில் படுத்துக்கொண்டார். கம்ப்யூட்டருக்குள் எழுதும் பதிவை ஆசாமி அழித்துவிடலாம். காகிதத்தில் அடித்து விழுந்ததை எங்கோ உட்கார்ந்துகொண்டு அழிக்க முடியாது அல்லவா?

ப்ரிண்டரில் விழுந்ததைப் பார்த்தவருக்குத் தூக்கம் போனது. ஆசாமி பெர்க்லியை ஒரு திண்ணையாகத்தான் பயன்படுத்தினார். அங்கிருந்தபடி ராணுவக் கம்ப்யூட்டர்களின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். திறந்த இடங்களில் அணு ஆயுதம், ஏவுகணைப் பாதுகாப்பு தொடர்பான வார்த்தைகளைத் தேடினார். சுமார் 450 கம்ப்யூட்டர்களை முயன்று, 30-க்கும் மேற்பட்டவற்றுக்குள் நுழைந்தார் என்று ஸ்டோல் பின்னர் தன் ஆய்வுக் கட்டுரையில் எழுதினார்.

எஃப்.பி.ஐ-யிடம் போனார். நஷ்டம் எவ்வளவு என்று கேட்டார்கள். 75 சென்ட் என்றால் யார் எழுந்து வருவார்கள்?

ஆசாமியின் தடம் விர்ஜீனியா வழியாகப் போய், கடல் தாண்டி மேற்கு ஜெர்மனியைக் காட்டியது. ஆனால், சரியான வீட்டைக் கண்டுபிடிக்க ஆசாமி நீண்ட நேரம் இணைப்பில் இருக்க வேண்டும். அவரோ சில நிமிடங்களில் போய்விடுவார். அவரைப் பிடித்துவைக்க யோசனை சொன்னது, ஸ்டோலின் காதலி மார்த்தா. இல்லாத ஒரு ராணுவத் திட்டத்தின் பெயரில் பக்கம் பக்கமாகப் பொய்க் கோப்புகளைத் தயாரித்து, பார்வையில் படும்படி வைத்தார்கள். தேனில் விழுந்த ஈபோல ஆசாமி அதிலேயே உட்கார்ந்துவிட்டார். தடம் ஹனோவர் நகரில் ஒரு வீட்டில் போய் முடிந்தது.

அந்த ஆசாமி, மார்கஸ் ஹெஸ். எடுத்த தகவல்களை சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி-க்கு விற்ற குழுவில் ஒருவர். 1990-ல் ஜெர்மனியில் நடந்த வழக்கில் ஸ்டோல் சாட்சி சொன்னார். ஹெஸ் குற்றவாளி என்று தீர்ப்பானது. சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

எல்லாவற்றுக்கும் தொடக்கம், பொருந்தாத ஒன்பது விநாடி.

அளந்தவரே எடுத்த கதை

பங்குபோட்ட கம்ப்யூட்டரும், அதன் நேரக் கணக்கும், அந்தக் கணக்கை ஏமாற்றும் ஆசையும் ஒன்றாகவே பிறந்தவை. 1960-களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி-யில் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு, ஆளுக்கு இவ்வளவு நேரம் என்ற பங்கீடு. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம். அவருக்குப் போதவில்லை. 1962-ல் ஒரு நாள், எல்லோருடைய பாஸ்வேர்டும் இருக்கும் கோப்பை அச்சடித்துத் தரச் சொல்லி அந்தக் கம்ப்யூட்டருக்கே கட்டளை கொடுத்தார். அதுவும் அச்சடித்துக் கொடுத்தது. பிறகென்ன, அடுத்தவர் பங்கில் வேலை நடந்தது. சுமார் 25 வருடம் கழித்துத்தான் அவரே அதை ஒப்புக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், ஷெரின் ஆராய்ச்சித் தலைப்பே இதுதான். பலர் பங்குபோடும் கம்ப்யூட்டரை அவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள், அது எவ்வளவு தாங்கும் என்று அளப்பது. மற்றவர்களின் பயன்பாட்டை அளக்க அவருக்கு நேரம் தேவைப்பட்டது. அந்த நேரத்தை மற்றவர்கள் பெயரில் எடுத்துக்கொண்டார். அந்த நாள்களின் கணக்கில் யாரோ பாவம் அதிகம் உழைத்ததாகப் பதிவாகியிருக்கும்.

இன்றைய வரிசை

இது பழங்கதை அல்ல. திருச்சி என்.ஐ.டி-யில் 2022-ல் தொடங்கிவைக்கப்பட்ட 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டரும், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் அதே ஆண்டு வந்த 'பரம் பிரவேகா'வும் இப்படிப் பலர் பங்குபோடும் இயந்திரங்கள்தான். மருந்து மூலக்கூறு, வானிலை, பொறியியல் என்று ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் வேலையை 'ஜாப்' ஆகக் கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருப்பார்கள்.

உலகின் பல சூப்பர் கம்ப்யூட்டர்களில் இந்த வரிசையைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருளின் பெயர் 'ஸ்லர்ம்'. அது பிறந்தது கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில். ஸ்டோல் இருந்த பெர்க்லி ஆய்வகத்துக்கும் இதற்கும் லாரன்ஸ் என்ற ஒரே இயற்பியலாளரின் பெயர்தான்.

ஜாப் கொடுக்கும்போது மாணவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எத்தனை கோர் வேண்டும், எவ்வளவு மெமரி, எத்தனை மணி நேரம். சமையல்காரரிடம் பந்திக்கு இத்தனை இலை என்று சொல்வதைப்போல. முடிந்ததும் 'எஸ்.அக்கவுன்ட்' என்ற கட்டளை உண்மைக் கணக்கைக் காட்டும். எவ்வளவு நேரம் ஓடியது, செயலி உண்மையில் எவ்வளவு உழைத்தது, மெமரி உச்சத்தில் எவ்வளவு தொட்டது என்று எல்லாம் வரும். 'செஃப்' என்ற இன்னொரு கருவி அதைச் சதவிகிதமாகவே போட்டுக் காட்டும்.

பார்த்தால் சங்கடமாக இருக்கும். ஒரு மாணவர் 32 கோர் கேட்டு 10 மணி நேரம் ஓட்டுகிறார் என்று வையுங்கள். அவருக்காக ஒதுங்கி நின்றது 320 கோர்-மணி. அவருடைய புரோகிராமோ ஒரே ஒரு கோரில் ஓடும்படி எழுதப்பட்டது. உண்மையில் உழைத்தது 10 மணிதான். செயல்திறன் மூன்று சதவிகிதம். மீதி 31 கோர்களும் இலை போட்டு, யாரும் உட்காராத பந்திபோலக் காலியாகக் கிடந்தன. அதே நேரத்தில் வரிசையில் நின்ற இன்னொரு மாணவருக்கு ஆய்வறிக்கை சமர்ப்பிக்கும் தேதி நெருங்கிக்கொண்டிருக்கும்.

யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. குறைவாகக் கேட்டால் ஆபத்து என்ற பயம்தான். கேட்ட மெமரியைத் தாண்டினால், ஜாப் பாதியிலேயே நிறுத்தப்படும். மூன்று நாள் உழைப்பு வீண். அதனால், 'எதற்கும் இருக்கட்டும்' என்று நாலு மடங்கு கேட்டுவைப்பது. கல்யாண வீட்டுச் சாம்பார்போல.

இந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. மெமரியை ஸ்லர்ம் நொடிக்கு நொடி பார்ப்பதில்லை. அமைப்பை மாற்றாவிட்டால், 30 விநாடிக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கும். இடையில் ஐந்து விநாடி மெமரி எகிறி இறங்கினால், பதிவேட்டில் அது இல்லாமலே போகலாம். 'நான் கேட்டதைவிடக் குறைவாகத்தானே பயன்படுத்தியிருக்கிறேன், ஏன் கொன்றாய்?' என்று மாணவர் கேட்பார். பதிவேடு அவர் பக்கம் இருக்கும். உண்மை வேறு பக்கம் இருக்கும்.

இன்னொரு சிக்கல், கடன் கொடுத்த பாஸ்வேர்டு. ஒரே குழுவில் இருப்பவர்கள், வரிசை குறைவாக உள்ள ஒருவரின் லாகினில் எல்லோரும் ஜாப் போடுவார்கள். பலரது பயன்பாடு ஒருவர் தலையில் விழும். பல இடங்களில் சமீபத்தில் அதிகம் பயன்படுத்தியவரை வரிசையில் பின்னே தள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. நல்ல மனதோடு பாஸ்வேர்டு கொடுத்தவர், தனக்கு வேலை வரும்போது கடைசியில் நிற்பார். பதிவேட்டில் அவர் பெயர்தான் இருக்கும். 1986-ல் இங்கிலாந்தில் இருந்த அந்த மனிதரைப்போல.

நோட்டை மூடும் முன்

எனவே ஆராய்ச்சி மாணவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களிடம் சொல்ல எளிய விஷயம் ஒன்று உண்டு. பெரிய ஜாப்பைக் கொடுக்கும் முன், சின்னதாக ஒன்றை ஓட்டிப் பார்த்து, எவ்வளவு மெமரி தொடுகிறது என்று குறித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கொஞ்சம் கூட்டிக் கேட்டால் போதும். மாதம் ஒருமுறை தன் பெயரில் ஓடிய ஜாப்களின் பட்டியலைப் படிக்கலாம். தான் போடாத ஜாப் ஒன்று அதில் இருந்தால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், நிர்வாகியிடம் சொல்லலாம்.

ஸ்டோல் அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் துப்பறிவாளராகவே காலம் தள்ளவில்லை. 'கிளைன் பாட்டில்' என்ற, உள்பக்கம் வெளிப்பக்கம் என்று பிரிக்க முடியாத விநோதக் கண்ணாடிக் குடுவைகளை விற்க ஆரம்பித்தார். வீட்டின் தரைக்கு அடியில் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கே உள்ள இடுக்கில் அவற்றை அடுக்கி வைத்திருந்தார்.

அந்த 75 சென்ட் மட்டும் கடைசிவரை வசூலாகவில்லை. பில் அனுப்ப முகவரி கிடைத்தபோது, அதற்குள் யாரும் அதைக் கேட்கிற நிலையில் இல்லை.